கீழே உதறும், மேலே உதறாது: ஒரு 1996 மாருதி 800-இன் ஐடில் கோளாறு

"மேலே நல்லாத்தான் இருக்கு தம்பி. கீழே வந்து சிக்னல்ல நின்னாத்தான் உதறுது."

2025 மே மாதம் ஒரு காலையில், ஏற்காட்டு மலைமேல் இருக்கும் நாகலூர்ப் பக்கமிருந்து மலையிறங்கி வந்த டீச்சரம்மா, சாவியை என் கையில் கொடுக்கும்போது சொன்னது இது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சேலத்தில் கோரிமேட்டிலிருந்து மலை அடிவாரம் போகும் வழியில் என் பட்டறை இருப்பதால் ஏற்காட்டு வண்டிகள் நிறைய வரும். "மேலே இழுக்கல", "ஏத்தத்துல சூடாகுது" என்று வருகிற புகார்தான் அதிகம். மேலே சரியாக இருந்து கீழே கெடுகிற வண்டி அபூர்வம். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் கோளாறின் பாதி இருந்தது. ஆனால் அன்று நான் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டேன். கீழே வெயில் அதிகம், அதனால் இருக்கும் என்று நினைத்தேன்.

வண்டி 1996 மாடல் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர், குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரக் கையால் இழுக்கும் சோக். 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அவருடைய கணவர் புதிதாக வாங்கிய வண்டி, வேறு கைக்குப் போனதே இல்லை. பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்து வைத்திருக்கிறார். அதை விற்கச் சொல்லி யோசனை சொல்கிற ஆள் நான் இல்லை.

நின்ற இடத்தில் உதறல். ஐந்து ரோட்டு சிக்னலில் இரண்டு முறை ஆஃப் ஆகியிருக்கிறது. ஆனால் 40 வேகத்தைத் தொட்டுவிட்டால் ஒரு குறையும் இல்லை, மலை ஏற்றத்தில் நன்றாக இழுக்கிறது. கீழேயும், சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது உதறல் இல்லை. சோக்கை உள்ளே தள்ளிய பிறகுதான் ஆரம்பிக்கிறது.

எட்டு மாதமாக இதற்குப் பல இடங்களில் வேலை நடந்திருந்தது. பிளக் இரண்டு செட், பிளக் வயர் ஒரு செட், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டார், கார்புரேட்டர் கிட் இரண்டு முறை. உதறல் தெரியாமல் இருக்க ஐடிலை, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் சுற்றும் வேகத்தை, ஏற்றியும் வைத்திருந்தார்கள். நிமிடத்துக்கு 850 சுற்றை (ஆர்பிஎம்) ஒட்டி நிற்க வேண்டிய இன்ஜின் 1,100-இல் நின்றது. அப்படியும் உதறியது.

இரண்டு புகைச் சீட்டுகள்

டீச்சரம்மா எதையும் தூக்கிப் போடாதவர். டேஷ்போர்டு அறையில் எல்லா பில்லும் ஒரு ரப்பர் பேண்டுக்குள் இருந்தது. அதோடு புகைப் பரிசோதனையில் தேறாமல் போன இரண்டு சீட்டுகளும் இருந்தன. எந்தக் கருவியும் எடுப்பதற்கு முன்னால் எனக்கு வழி காட்டியவை அவைதான்.

முதல் சீட்டில் கார்பன் மோனாக்சைடு 0.6 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,620 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). அந்தக் காலத்துப் பெட்ரோல் கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 3 சதவீதமும் 1,500 பிபிஎம்மும். ஹைட்ரோகார்பன் எல்லை தாண்டிவிட்டது. ஹைட்ரோகார்பன் என்றால் எரியாத பெட்ரோல். அதைப் பார்த்த யாரோ ஒருவர், "பெட்ரோல் அதிகமா போகுது" என்று முடிவு செய்து, ஐடிலில் பெட்ரோல் அளவை வைக்கும் மிக்சர் ஸ்க்ரூவை உள்ளே திருகியிருக்கிறார். இரண்டாவது சீட்டு அதற்குப் பிறகு எடுத்தது. கார்பன் மோனாக்சைடு 0.3-க்கு இறங்கியிருக்கிறது, ஹைட்ரோகார்பன் 2,150-க்கு ஏறியிருக்கிறது.

இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பெட்ரோல் உண்மையிலேயே அதிகமாகப் போனால் கார்பன் மோனாக்சைடும் கூடவே ஏறும், ஏனென்றால் காற்று போதாமல் அரைகுறையாக எரிவதால் வருவது அது. இங்கே அது தரையோடு தரையாகக் கிடக்கிறது, ஆனால் எரியாத பெட்ரோல் மட்டும் கொட்டுகிறது. அப்படியென்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் தீயே பிடிக்காமல், உள்ளே போன பெட்ரோல் அப்படியே வெளியே வருகிறது. ஸ்பார்க் இல்லாமல் இருக்கலாம், கம்ப்ரஷன் இல்லாமல் இருக்கலாம், கலவை பற்றிக்கொள்ள முடியாத அளவுக்கு லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, இருக்கலாம். ஸ்க்ரூவை உள்ளே திருகியதும் ஹைட்ரோகார்பன் கூடியிருக்கிறது என்பதால் மூன்றாவது காரணம்தான் வலுவாகத் தெரிந்தது. பெட்ரோலைக் குறைத்தது நோயை வளர்த்திருக்கிறது. புகைச் சீட்டை "பாஸ், ஃபெயில்" என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். 4 வாயு அனலைசர் வாங்க வசதி இல்லாத என்னைப் போன்ற பட்டறைக்கு அது இலவசமாகக் கிடைக்கிற ரத்தப் பரிசோதனை.

உதறலா, மிஸ்ஸிங்கா

மூன்று சிலிண்டர் இன்ஜின் இயல்பாகவே கொஞ்சம் ஆடும். முன்னும் பின்னும் ஊசலாடுகிற ஒரு விசை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. நான்கு சிலிண்டர் ஓட்டிப் பழகியவர்கள் நல்ல மாருதி 800-ஐக் கூட "உதறுது" என்பார்கள். இன்ஜின் மவுண்டிங் ரப்பர் இற்றுப்போயிருந்தால் அந்த ஆட்டம் ஸ்டியரிங்குக்கே வந்துவிடும். அதனால் முதலில் இது வெறும் ஆட்டமா, இல்லை சிலிண்டர் தவறுகிறதா என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நான் செய்வது பழைய வழி. சைலன்சர் முனையில் ஒரு தாளைப் பிடிப்பேன். நல்ல இன்ஜினில் தாள் ஒரே சீராக வெளியே தள்ளப்படும். இங்கே நாலைந்து துடிப்புக்கு ஒருமுறை தாள் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டு விலகியது. கூடவே "புக்... புக்" என்ற சத்தம். மிஸ்ஸிங்தான். மவுண்டிங் மூன்றும் பார்த்தேன், நன்றாகவே இருந்தன.

அடுத்து பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். முதல் சிலிண்டரைக் கழற்றியதும் இன்ஜின் ஆஃப் ஆகிற நிலைக்கு வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது நாற்பது ஆர்பிஎம்தான் இறங்கியது. ஆக, மூன்றாவது சிலிண்டர் ஐடிலில் பெயருக்குத்தான் வேலை செய்கிறது.

இங்கே வந்ததும் பெரும்பாலும் கை பிளக்குக்குப் போகும். பில்கள் அதைத்தான் சொல்லின. எங்கள் பட்டறைப் பையன் கூட, "அண்ணா, புது பிளக் ஒண்ணு போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டான். புதிது வேண்டாம், முதல் சிலிண்டர் பிளக்கையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போடு என்றேன். பிளக்கில் கோளாறு என்றால் மிஸ்ஸிங் முதல் சிலிண்டருக்கு இடம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. வயரையும் மாற்றிப் பார்த்தோம், அப்போதும் மூன்றிலேயே நின்றது. காசு செலவில்லாமல் பத்து நிமிடத்தில் ஸ்பார்க் பக்கம் முழுவதும் கழிந்தது. ஏற்கனவே வண்டியில் இருப்பவற்றை இடம் மாற்றிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

கழற்றிய பிளக்குகளின் நிறம் இன்னொன்றைச் சொன்னது. முதல் இரண்டும் வெளிர் பழுப்பு. மூன்றாவது சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. இதை நான் குறிப்பாகத் தேடினேன், ஏனென்றால் மலையிறங்கும் வண்டிகளில் அது வாடிக்கை. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில், ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இறங்கும்போது மேனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாய்) வேக்கம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, உச்சத்தில் இருக்கும். வால்வு சீல் தேய்ந்திருந்தால் அது ஆயிலை உள்ளே உறிஞ்சி பிளக்கை நனைத்துவிடும். அடிவாரம் வந்து ஆக்சிலேட்டரைத் தொட்டதும் நீலப்புகை வரும். இந்த வண்டிக்கு அந்த நோய் இல்லை.

கம்ப்ரஷன் 160, 158, 155 பிஎஸ்ஐ. இந்த வயதுக்குக் குறை சொல்ல முடியாது. டேப்பட் இடைவெளியும் சரியாக இருந்தது. இக்னிஷன் டைமிங் சரி.

காற்று எங்கிருந்து வருகிறது

வேக்கம் கேஜை மாட்டினேன். 14 அங்குலத்தில் (பாதரச அளவு) முள் துடித்துக்கொண்டிருந்தது. சேலத்தில் இந்த இன்ஜின் 17, 18 காட்ட வேண்டும். சோக்கை மெதுவாக இழுக்கச் சொன்னேன். பாதி தூரம் வருவதற்குள் உதறல் நின்று, முள் 16-க்கு ஏறி அமைதியானது. பெட்ரோல் கூடினால் குணமாகிறது என்றால் காற்று கூடுதலாக இருக்கிறது. எங்கள் பேச்சில் சொன்னால், ஏர் இழுக்கிறது.

எங்கே இழுக்கிறது என்பதற்கான பதில் ஏற்கனவே கையில் இருந்தது. கார்புரேட்டரில் ஐடில் ஜெட் அடைத்திருந்தால் மூன்று சிலிண்டரும் லீனாகும். கார்புரேட்டர் அடியில் இடைவெளியை அடைக்கும் பேக்கிங் போயிருந்தாலும் மூன்றும் லீனாகும். ஒன்று மட்டும் வெளுத்திருக்கிறது என்றால், காற்று அந்த ஒரு சிலிண்டருக்குப் போகும் குழாயில்தான் நுழைய வேண்டும். இரண்டு முறை கார்புரேட்டர் கிட் மாற்றியும் பலனில்லாமல் போனது இதனால்தான். கோளாறு கார்புரேட்டரைத் தாண்டி, அதற்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருந்தது.

சிரிஞ்சில் சோப்புத் தண்ணீர் எடுத்து இன்டேக் மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் கோட்டில் சொட்டுச் சொட்டாக விட்டேன். மூன்றாவது சிலிண்டரின் ஓரத்தில், கீழ்ப்பக்கம், சொட்டு விழுந்ததும் "ஸ்ஸ்" என்று உள்ளே போனது. ஒரு நொடி உதறல் மாறியது. உறுதி செய்துகொள்ள அதே இடத்தில் கார்ப் கிளீனரை மெல்லிய குழாயால் ஒரு தொடு தொட்டேன். ஆர்பிஎம் கிட்டத்தட்ட 150 ஏறியது. கார்ப் கிளீனர் சட்டெனப் பற்றக்கூடியது. எடுத்த எடுப்பில் அதை எல்லாப் பக்கமும் பீய்ச்சி அடிக்கும் பழக்கம் ஆபத்தானது. சந்தேகமான இடத்தைத் தண்ணீரால் கண்டுபிடித்த பிறகு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு தொடு போதும்.

வேகத்தில் ஏன் தெரியவில்லை என்று டீச்சரம்மா கேட்டார். பட்டறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஐடிலில் த்ராட்டில் மூடியிருக்கும், இன்ஜின் குடிக்கும் காற்று மிகக் கொஞ்சம், வேக்கமோ அதிகம். அந்த நிலையில் ஓர் ஊசித்துவாரம் கூட பெரிய பங்கு எடுத்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரை மிதித்தால் உள்ளே வரும் காற்று பல மடங்கு கூடும், வேக்கமும் இறங்கிவிடும். அந்தத் துவாரத்தின் காற்று அதில் ஒரு பொருட்டே இல்லை. "அரைப்படி உலையில ஒரு டம்ளர் தண்ணி கூடினா கஞ்சி. அண்டாவுல ஊத்துனா தெரியாது. அப்படித்தானே?" என்றார். அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

மேனிஃபோல்டைக் கழற்றினோம். இரண்டு ஆண்டுக்கு முன் கூலன்ட் ஒழுகியதால் ஓரிடத்தில் அதை இறக்கி ஏற்றியிருக்கிறார்கள், பில் இருந்தது. மூன்றாவது சிலிண்டர் ஓரத்து ஸ்டட்டில் மறை போயிருந்தது. நட் இறுகியது போலத் தெரியும், ஆனால் பிடிப்பு இல்லை. பிடிக்காததை ஈடுகட்ட பேக்கிங் மேல் பேஸ்ட்டை அப்பியிருந்தார்கள். அது காய்ந்து ஏடு ஏடாக வந்தது. மேனிஃபோல்டின் முகத்தில் நேர்சட்டம் வைத்து ஃபீலர் கேஜ் விட்டால் அந்த மூலையில் 0.2 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைந்தது. 0.1-க்கு மேல் இருக்கக் கூடாது. லேத்தில் கொடுத்து முகத்தைச் சமன் செய்தோம், ஸ்டட் துளைக்கு ஹெலிகாயில் (புது மறை தரும் கம்பிச் சுருள்) போட்டோம், பேஸ்ட் இல்லாமல் புதுப் பேக்கிங் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மூன்று சுற்றில் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினோம்.

ஸ்டார்ட் செய்ததும் ஐடில் 1,500-க்குப் பறந்தது. இதுவரை மூன்றாவது சிலிண்டரின் பங்கையும் மற்ற இரண்டும் சுமக்கும்படி திருகி வைத்திருந்த ஸ்க்ரூ அல்லவா. ஐடில் வேகத்தை வைக்கும் ஸ்லோ ஸ்க்ரூவையும் மிக்சர் ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிச் சரிசெய்து, முள் எங்கே அதிகம் ஏறி அமைதியாக நிற்கிறதோ அங்கே விட்டேன். 18 அங்குலம், 860 ஆர்பிஎம். புகைப் பரிசோதனையில் 1.6 சதவீதம், 310 பிபிஎம். சைலன்சர் முனையில் தாள் அசையாமல் வெளியே நின்றது.

மேலே பெட்ரோல் வாடை

பத்து நாள் கழித்து போன் வந்தது. "தம்பி, கீழே இப்ப அருமையா இருக்கு. மேலே வந்தா பெட்ரோல் வாடை அடிக்குது. நின்னா லேசா திணறுது."

அப்போதுதான் அவர் முதல் நாள் சொன்ன வாக்கியம் எனக்கு முழுதாகப் புரிந்தது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு 1,515 மீட்டர். நடுவில் 4,000 அடி. மேலே காற்றின் அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. மெலிந்த காற்றுக்கும் அது ஏறக்குறைய பழைய கணக்கிலேயே பெட்ரோல் விடும். மேலே இருக்கும் குளிரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கலவை நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு ரிச் ஆகிறது, அதாவது பெட்ரோல் கூடுகிறது.

பழைய ஓட்டை இருந்தவரை அந்தக் கூடுதல் பெட்ரோல் மூன்றாவது சிலிண்டரைப் பற்ற வைக்கும் அளவுக்குக் காப்பாற்றியிருக்கிறது. அதனால்தான் மேலே உதறவில்லை. வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. மலையிறங்கி காற்று அடர்ந்ததும் கலவை லீனாகி, அந்தச் சிலிண்டர் எல்லைக்கு வெளியே விழுந்துவிடும். இப்போது ஓட்டையை அடைத்து, சேலத்துக்கு மிகச் சரியாக ட்யூன் செய்துவிட்டேன். மலைமேல் இருக்கிற கூடுதல் பெட்ரோலைத் தின்ன ஆள் இல்லை.

இன்னொன்றும் இதில் சேர்ந்திருக்கிறது என்பது என் கணிப்பு. மறை போனது இரண்டு ஆண்டுக்கு முன், உதறல் ஆரம்பித்தது எட்டு மாதத்துக்கு முன். அந்த இடைவெளியில் ஓட்டை கொஞ்சம் பெரிதாகியிருக்கும். ஆனால் பங்க்கில் வரும் பெட்ரோலும் மாறியது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஒரு பங்கு எரிய 13.5 பங்கு காற்று போதும். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 வேண்டும். கம்ப்யூட்டர் வைத்த வண்டி இதைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். 1996 கார்புரேட்டர் சரிக்கட்டாது, அதே ஜெட்டில் கலவை சுமார் எட்டு சதவீதம் லீனாகும். ஏற்கனவே விளிம்பில் நின்ற சிலிண்டரை அது தள்ளிவிட்டிருக்கலாம். இப்போது வருகிற பழைய கார்புரேட்டர் வண்டிகளில் மிக்சர் ஸ்க்ரூவை நான் முன்பைவிட அரைச் சுற்று வெளியே வைக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேஜை எடுத்துக்கொண்டு நானே மேலே போனேன். ஒண்டிக்கடை பக்கம் நிறுத்தி மாட்டினால் முள் 14-இல் நின்றது. கீழே இதே 14 நோய்க்கு அடையாளம், மேலே அதுவே ஆரோக்கியம். ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் இறங்கும். துடிப்பில்லாமல் நிற்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. மலைமேல் வேலை செய்கிற தம்பிகள் கீழே அச்சிட்ட அட்டவணையை வைத்துக்கொண்டு நல்ல இன்ஜினைப் பிரித்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே விட்டதும் வாடை குறைந்து திணறல் நின்றது. அரைச் சுற்று விட்டால் மேலே இன்னும் நன்றாக இருந்தது. ஆனால் அப்படி விட்டால் கீழே மறுபடி லீனாகும். டீச்சரம்மா மாதத்தில் நாலு நாள்தான் இறங்குகிறார், ஆனால் சிக்னலும் புகைப் பரிசோதனையும் கீழேதான். கால் சுற்றிலேயே விட்டுவிட்டு, அவரையே ஓட்டச் சொல்லி இறங்கினோம். அடிவாரத்தில் ஒருமுறை, அஸ்தம்பட்டியில் ஒருமுறை, ஐந்து ரோட்டில் ஒருமுறை நின்று பார்த்தோம். எங்கும் தவறவில்லை. புகைச் சீட்டில் 0.9 சதவீதம், 340 பிபிஎம்.

திரும்பி வந்து மிக்சர் ஸ்க்ரூவின் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்தேன். பானெட்டின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, அடுத்து இந்த வண்டியைத் திறக்கப் போகிறவருக்காக எழுதினேன்: சேலம் 870, வேக்கம் 18. ஏற்காடு 800, வேக்கம் 14. ஸ்க்ரூவைத் தொடும் முன் மூன்றாவது சிலிண்டர் பேக்கிங்கைப் பார்க்கவும்.